பாண்டி கடற்கரை: காணாமல் போன மணலின் கணக்கு

பாண்டிச்சேரி பீச் ரோட்டைத் தெரியாதவர்கள் குறைவு. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், சாயங்காலமானால் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை மட்டும் நடக்க விடும் சாலை என்று எல்லாம் அழகுதான். ஆனால் 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2018 வரை அங்கே போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பீச் ரோடு இருந்தது, பீச் இல்லை! சாலைக்குக் கீழே கருங்கல் குவியல், அதற்குக் கீழே நேராகக் கடல். 1995-ல் பாண்டியில் பிறந்த ஒரு குழந்தை, தன் ஊர் காந்தி சிலைக்கு முன்னால் மணலில் கால் வைக்காமலேயே காலேஜ் முடித்திருக்கும்.

அந்த மணல் எங்கே போனது? பிறகு எப்படிக் கொஞ்சம் திரும்பி வந்தது? அதற்காக யார் யார் குரல் கொடுத்தார்கள்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பி.காம். மாணவன், கடலியல் படித்தவன் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க இது எனக்கு ஒரு கணக்கு வழக்காகவே தெரிந்தது. அதனால் அந்தக் கோணத்திலேயே சொல்கிறேன்.

மணலுக்கும் வரவு செலவு உண்டு

கரையில் கிடக்கும் மணல் எப்போதும் அங்கேயே கிடப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பயணத்தில் இருக்கிறது. அலைகள் கரையை நேராக வந்து அடிப்பதில்லை, சற்றுச் சாய்வாக வருகின்றன. அப்படி வரும் அலை மணலைக் கிளப்பி, கரையோர நீரோட்டத்தோடு பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போகிறது.

நம் கிழக்குக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை இந்த மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. வடக்கே போகும் மாதங்கள் அதிகம். ஆகவே வருடக் கணக்கு முடிக்கும்போது நிகரமாக மணல் வடக்கே போயிருக்கும். ஏதோ நாலு லாரி மணல் என்று எண்ணிவிடாதீர்கள். பாண்டிப் பகுதியைக் கடந்து போவது ஆண்டுக்குச் சில லட்சம் கனமீட்டர்.

இதைக் கணக்குப் புத்தகமாகப் பார்ப்போம். ஒரு கிராமத்துக் கரையின் தொடக்க இருப்பு கொஞ்சம். தெற்கிலிருந்து வரவு. வடக்கே செலவு. வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கும்வரை இறுதி இருப்பு மாறாது, கரை அப்படியே இருப்பதாக நமக்குத் தோன்றும். நடுவில் யாராவது வரவை மட்டும் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? செலவு நிற்காது, ஏனென்றால் அலை நிற்காது. இருப்பிலிருந்து எடுக்க வேண்டியதுதான். இருப்பு தீர்ந்தால் கரை காலி.

ஆக, கரையில் எங்கே ஒரு தடுப்பைக் கடலுக்குள் நீட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை தேயும். இது கண்டுபிடிக்க முடியாத ரகசியமா? இல்லவே இல்லை. பாண்டியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் நூறு வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்த கதை.

மெரினா சொன்ன பாடம்

பழைய மெட்ராசில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகுகளில் சரக்கையும் ஆட்களையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். இதில் நஷ்டம் அதிகம் என்று 1870-களின் நடுவில் துறைமுக வேலையைத் தொடங்கினார்கள். 1881-ல் வந்த புயல் பாதி வேலையைச் சேதப்படுத்தியது. மறுபடி கட்டினார்கள்.

கடலுக்குள் சுவர் நீண்டதும் கணக்கு மாறியது. வடக்கே போக வேண்டிய மணல் துறைமுகத்தின் தெற்குச் சுவரில் முட்டித் தேங்கியது. அப்படித் தேங்கிய மணல்தான் இன்று நாம் சுண்டல் வாங்கித் தின்னும் மெரினாவின் அகலம். கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் அங்கே உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். ஊருக்கே பெருமை.

வடக்கே என்ன ஆனது? ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை தேய்ந்துகொண்டே போனது. வீடுகள், தெருக்கள், கோயில்கள் என்று கடல் எடுத்துக்கொண்டதை வடசென்னை மீனவர் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். மெரினாவில் காற்று வாங்குகிறவர்களுக்கும் வடக்கே வீடு இழந்தவர்களுக்கும் நடுவில் ஒரே மணல் கணக்குதான் இருக்கிறது. ஒருவருக்கு வரவு, இன்னொருவருக்குச் செலவு. ஆனால் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் யாரும் எழுதவில்லை.

பாண்டியில் 1986-ல் தொடங்கியது

பாண்டி எப்போதும் துறைமுக ஊர்தான். ஆனால் அங்கேயும் கப்பல்கள் தள்ளித்தான் நின்றன. பிரெஞ்சுக்காரர்கள் 1860-களில் கடலுக்குள் ஒரு இரும்புப் பாலம் கட்டினார்கள். அது 1952 புயலில் போனது. அதற்குத் தெற்கே இன்னொரு பாலம் 1962-ல் கட்டி முடிக்கப்பட்டது. பாலம் என்பது கால்கள் மேல் நிற்பது. அலையும் மணலும் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். அதனால் கரைக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

துறைமுகம் அப்படி இல்லை. 1986-ல் தொடங்கி 1989 வாக்கில், நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. ஆற்று வாய் மூடாமல் இருக்க வேண்டும், படகும் சிறு கப்பலும் உள்ளே வர வேண்டும் என்பது நோக்கம். நியாயமான நோக்கம்தான்.

இதில் முக்கியமான ஒரு செய்தி உண்டு. மணல் தேங்கும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே அனுப்பும் ஏற்பாடும் திட்டத்திலேயே இருந்தது. அதாவது நிறுத்தப்பட்ட வரவை இயந்திரத்தால் ஈடுகட்டுவது. சுவர் நிலைத்தது, மணலை அனுப்பும் வேலை நிலைக்கவில்லை. சுவர் ஒரு தடவை செய்யும் முதலீடு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணல் அனுப்புவது வருடா வருடம் செய்ய வேண்டிய செலவு, அதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் முதலீட்டுச் செலவு, நடைமுறைச் செலவு என்று இரண்டாகப் பிரிப்போமே, அந்த இரண்டாவது தலைப்பு விட்டுப்போனதால் ஒரு கடற்கரையே போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலோர ஒழுங்குமுறை விதிகள் வந்தது 1991-ல். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகள் வந்தது 1994-ல். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமானது 1997-ல். துறைமுகம் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. எனவே, 'உங்கள் கரை போகலாம், சம்மதமா?' என்று வடக்கே இருந்த எந்தக் குப்பத்து ஜனங்களிடமும் கேட்க வேண்டிய சட்டக் கட்டாயம் அன்று யாருக்கும் இல்லை.

துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது. வடக்கே நகரத்துக் கரை தேயத் தொடங்கியது. சில ஆண்டுகளில் காந்தி சிலை முன்னால் மணலே இல்லை.

கல்லுக்குப் பின் கல்

கடல் சாலையை நெருங்கியதும் அரசு கல் கொட்டியது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே அங்கே கல் தடுப்பு உண்டு, அதை உயர்த்தினார்கள், நீட்டினார்கள். நகரம் தப்பியது. சாலை, தலைமைச் செயலகம், பழைய கட்டடங்கள் எல்லாம் பத்திரம்.

ஆனால் கல் மணலை உண்டாக்குவதில்லை. கல்லில் மோதும் அலை அதன் அடியில் இருக்கும் மிச்ச மணலையும் இழுத்துக்கொண்டு போகும். கல் முடியும் இடத்திலிருந்து வடக்கே அரிப்பு தொடங்கும். அங்கே மறுபடி கல். அது முடியும் இடத்தில் மறுபடி அரிப்பு. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று பாண்டிக்குள் நகர்ந்து, எல்லை தாண்டி தமிழ்நாட்டுப் பகுதியான கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே போய்க்கொண்டே இருந்தது. தந்திராயன்குப்பம் பக்கம் தூண்டில் வளைவுகள் வந்தன. தூண்டில் வளைவும் சின்ன அளவில் ஒரு துறைமுகச் சுவர் மாதிரிதான். தன் தெற்குப் பக்கத்துக்கு மணல் சேர்க்கும், வடக்குப் பக்கத்திடமிருந்து எடுக்கும்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறவர் கதை நமக்குத் தெரியும். இது அதே கதை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே கடன் வாங்குகிறவர் ஒருவர், வட்டி கட்டுகிறவர் வடக்கே இருக்கும் பக்கத்து ஊர்க்காரர்.

மீனவர்களுக்கு மணல் என்பது காற்று வாங்கும் இடமில்லை, தொழில் செய்யும் இடம். கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் ஏற்றி நிறுத்துவது அங்கே, வலை பின்னுவது அங்கே, கருவாடு காயவைப்பது அங்கே. கரைவலை இழுக்க அகலமான மணல் வேண்டும். கரை போனால் கரைவலையே போயிற்று. கருங்கல் மேல் படகை ஏற்ற முடியாது, அலையில் கல்லில் மோதினால் படகு உடையும். 'கல் கொட்டினார்களே, வீடு தப்பியதே' என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வீடு தப்பியது, தொழிற்சாலை போனது.

யார் பேசினார்கள்?

இப்படிப்பட்ட கதைகளை நாம் பெரும்பாலும் 'ஒரு தன்னார்வ அமைப்பு வந்தது, விழிப்புணர்வு ஏற்படுத்தியது' என்று தொடங்குவோம். பாண்டி கதையை அப்படித் தொடங்குவது சரியில்லை. முதலில் பேசியவர்கள் குப்பத்து மீனவர்கள். கரை தேய்வதைத் தினமும் பார்த்தவர்கள் அவர்கள்தான். மனு கொடுத்தார்கள், அலை வீட்டுக்குள் வந்த நாட்களில் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்த மனுக்களுக்குக் கிடைத்த பதில் அநேகமாக ஒன்றுதான்: இன்னும் நாலு லோடு கல். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்ட ஒருவர் அந்த நேரத்தில் கல்லைத்தான் கேட்பார், அதில் தப்பில்லை. 'எங்கள் மணல் தெற்கே தேங்கிக் கிடக்கிறது, அதைக் கொடுங்கள்' என்ற கோரிக்கையாக அது மாற நாள் பிடித்தது.

2004 டிசம்பர் 26 சுனாமி இன்னொரு திருப்பம். கல் தடுப்பும் சற்று உயர்ந்த தரைமட்டமும் இருந்ததால் பாண்டி நகரத்தின் பழைய பகுதி பெரிய சேதமில்லாமல் தப்பியது. கடலோரக் குப்பங்கள் அடிபட்டன. இதைப் பார்த்தவர்களுக்குக் கல் மேல் நம்பிக்கை கூடியது இயல்புதான். சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் கல் கொட்டும் வேலைகள் நடந்தன. ஆனால் சுனாமி எப்போதோ வருவது, அரிப்பு தினமும் நடப்பது. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றை அதிகமாக்கியது.

இதற்கு நடுவில் 2006 வாக்கில் பாண்டித் துறைமுகத்தை ஆழ்கடல் துறைமுகமாக விரிவாக்க, தனியார் பங்கேற்புடன் ஒரு பெரிய திட்டம் வந்தது. இருக்கிற சுவருக்கே இவ்வளவு என்றால் இன்னும் பெரிய சுவருக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வியில்தான் மீனவர்களும் நகரத்துக் குடிமக்களும் ஒரே பக்கம் வந்து நின்றார்கள். 2007-ல் பாண்டிகேன் என்ற குடிமக்கள் அமைப்பு உருவானது. புரோபிர் பானர்ஜி, ஆரோஃபிலியோ ஸ்கியாவினா போன்றவர்கள் இதில் முன்னணியில் இருந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது, ஊர்வலத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான். பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் சேர்த்து, எந்த ஆண்டில் கரை எங்கே இருந்தது என்று காட்டினார்கள். கடலோரப் பொறியியல் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு வழி கேட்டார்கள். காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர் பெற்ற சேகர் தத்தாத்ரி, இந்தியாவின் மறைந்துவரும் கடற்கரைகள் பற்றி இவர்களுக்காக ஒரு ஆவணப்படம் எடுத்தார். துறைமுகச் சுவரின் ஒரு பக்கம் மணல் மேடு, மறுபக்கம் வெறும் கல். அதை வானத்திலிருந்து பார்த்தவர்களுக்கு எந்த விளக்கவுரையும் தேவையில்லை. 2012-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து இந்தியக் கடற்கரைகளின் நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கையும் வெளியிட்டார்கள்.

அவர்களுடைய வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கரையைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். மணல் ஓடும் தூரம் முழுவதையும் ஒரே அலகாகப் பாருங்கள். கல்லைக் கூட்டுவதற்கு முன் மணலைத் திருப்பிக் கொடுங்கள்.

டெல்லியிலும் காற்று கொஞ்சம் மாறியது. 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் புதிய துறைமுகத் திட்டங்களை ஆய்வு முடியும்வரை நிறுத்திவைத்தது. 2011 ஜனவரியில் வந்த புதிய கடலோர ஒழுங்குமுறை விதிகள், மிக அதிகமாக அரிக்கப்படும் கரைப்பகுதிகளில் துறைமுகத் திட்டங்களுக்குத் தடை போட்டன. பாதுகாப்புத் துறை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பாண்டி ஆழ்கடல் துறைமுகத் திட்டம் நிறைவேறவில்லை. இதெல்லாம் ஒரே ஒரு அமைப்பால் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் பாண்டி மாதிரி ஒரு கண்கூடான உதாரணம் கையில் இல்லாமல் இருந்திருந்தால் 'துறைமுகத்தால் கரை போகும்' என்று எங்கே போய்ச் சொன்னாலும் நம்பியிருப்பார்களா?

வணிகச் சட்டம் படிக்கிற நண்பர்களுக்காக ஒரு விஷயம். 1996-ல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறு, கடற்கரை போன்ற இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, மக்கள் சார்பில் அறங்காவலர் மட்டுமே என்று சொன்னது. அறங்காவலர் என்றால் கணக்குக் காட்டியாக வேண்டும் அல்லவா? பாண்டிக்காரர்கள் கேட்டது அந்தக் கணக்கைத்தான்.

2018: மணல் வந்தது

கடைசியில் வழி வந்தது சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் நிறுவனம் இது. அவர்கள் போட்ட திட்டத்தில் கரைக்கு அருகே நீருக்கடியில் செயற்கைத் திட்டுகள், கூடவே வெளியிலிருந்து மணல் நிரப்புவது என்று இரண்டும் சேர்ந்திருந்தது.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய எஃகுக் கட்டமைப்பை 2018-ல் கடலில் இறக்கினார்கள். இது எப்படி வேலை செய்கிறது? அலை அதன் மேல் ஏறும்போது பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. கரைக்கு வரும்போது மணலைச் சுரண்டும் வேகம் இருப்பதில்லை, மாறாகக் கொண்டுவந்த மணலைக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போகிறது. முழுவதும் மூழ்கியிருப்பதால் கடலைப் பார்க்கிறவர்களுக்கு மறைப்பும் இல்லை. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலும் நகரக் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. தெற்கே தேங்கியதை வடக்கே கொடுக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு, முப்பது வருடம் கழித்து வேறு வடிவத்தில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சில மாதங்களில் மணல் தெரிய ஆரம்பித்தது. ஜனங்கள் கல்லைத் தாண்டி இறங்கி, மணலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மணல் வீடு கட்டினார்கள். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டுக்குப் பிறகு பீச் ரோட்டில் பீச் :-)

இது சின்ன விஷயம் இல்லை. 'போன கரை திரும்பாது, கல்தான் கதி' என்று எல்லா ஊரிலும் சொல்லிக்கொண்டிருந்தபோது, திரும்பும் என்று ஓர் ஊர் நிரூபித்தது.

ஆனால் கணக்கு முடியவில்லை

இத்தோடு பதிவை முடித்தால் நல்ல சுபமான முடிவாக இருக்கும். உண்மை அப்படி இல்லையே.

2018-ல் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் ஒரு அறிக்கை வெளியிட்டது. 1990 முதல் 2016 வரை செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இந்தியக் கடற்கரையில் சுமார் 33 சதவீதம் அரிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 41 சதவீதம். புதுச்சேரியில் 57 சதவீதம். அந்தப் பட்டியலில் மேற்கு வங்கத்துக்கு அடுத்த இடம். நகரத்து பீச் ரோடு சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். மிச்சக் கரை?

2022 மார்ச்சில் 1962-ல் கட்டிய அந்தக் கடல் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது வடக்கே பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி பக்கம் கடலோர வீடுகள் சரிந்தன. பிள்ளைச்சாவடி மீனவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது? கல்! முப்பது வருடத்துக்கு முன்னால் குருசுக்குப்பம் நின்ற அதே இடத்தில் இப்போது பிள்ளைச்சாவடி நிற்கிறது.

இதில் எல்லைச் சிக்கல் வேறு. பாண்டிக்கு வடக்கே கொஞ்ச தூரம் தமிழ்நாடு, பிறகு பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று மறுபடி புதுச்சேரி, பிறகு மறுபடி தமிழ்நாடு. மணலுக்கு இந்த எல்லை தெரியாது. ஆனால் நிதி ஒதுக்கீட்டுக்குத் தெரியும். ஓர் அரசு தன் எல்லைக்குள் கல் போட்டால் அதன் விளைவு அடுத்த அரசின் எல்லைக்குள் விழும். விளைவை அனுபவிக்கிறவர், முடிவெடுத்த அரசுக்கு ஓட்டுப் போடுகிறவர் இல்லை. பொருளாதாரப் பாடத்தில் புறவிளைவு என்று ஒரு அத்தியாயம் படிப்போமே, தொழிற்சாலைப் புகையை உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இனிமேல் பிள்ளைச்சாவடிதான் ஞாபகம் வரும்.

அப்படியானால் குடிமக்கள் போராட்டம் தோற்றதா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் முழுக் கரைக்கும் கேட்டார்கள், நகரத்து முகப்புக்குக் கிடைத்தது. ஏன் அங்கே முதலில் கிடைத்தது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். அது சுற்றுலாப் பயணிகள் வரும் இடம், செயலகம் இருக்கும் இடம், எல்லோர் கண்ணிலும் படும் இடம். படிப்பும் தொடர்பும் உள்ளவர்கள் தினமும் நடந்து போகும் இடம். கரையை நம்பிப் பிழைப்பவர்கள் முதலில் கேட்டார்கள், கரையை ரசிப்பவர்களும் சேர்ந்து கேட்ட பிறகு கிடைத்தது. இதை நகரத்து ஆட்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. ஆனால் வாங்கியது பாதிதான், மீதி வடக்கே நிலுவையில் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

எனக்குத் தோன்றியவை

ஒன்று, கரை கேட்டுப் போராடும் எந்த ஊரும் முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு கல்?' என்று அல்ல, 'எங்கள் மணலை எங்கே நிறுத்தினீர்கள்?' என்று. பாண்டியில் பேச்சு மாறியது அந்தக் கேள்வி வந்த பிறகுதான்.

இரண்டு, கடலில் எதைக் கட்டினாலும், கட்டும் செலவோடு அதன் ஆயுள் முழுவதும் மணல் அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் திட்ட மதிப்பீடு போட வேண்டும். அதைச் சேர்த்த பிறகும் லாபம் வந்தால் கட்டட்டும். வராவிட்டால் அந்த லாபம் வடக்கே இருப்பவர் பையிலிருந்து எடுத்தது என்று அர்த்தம்.

மூன்று, நகரத்துக்குச் செய்ததை வடக்கே உள்ள குப்பங்களுக்கும் செய்ய முடியுமா என்பதை இரண்டு அரசுகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அந்த மீனவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து முடிவு செய்ய வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் 1986-ல் சட்டத்தில் இல்லை. இப்போது இருக்கிறது. இப்போதும் கேட்காமல் விட்டால் அதற்குச் சாக்கு இல்லை.

அடுத்த முறை பாண்டி பீச்சில் மணலில் உட்கார்ந்தால் நன்றாக அனுபவியுங்கள். பலர் பல வருடம் அலைந்து வாங்கிக் கொடுத்த மணல் அது. முடிந்தால் அப்படியே பஸ் ஏறி, வடக்கே பத்து கிலோமீட்டர் தள்ளி பிள்ளைச்சாவடியில் இறங்கி, அந்தக் கரையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படிக் கரை தேய்ந்த கதை இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.